எருமை நாக்கும் உலகத் தட்டை மீன் பிடிப்பும்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கடைகள் இருக்கும் வரிசைக்குப் போனால், நெத்திலியும் வாளையும் காரப்பொடியும் திருக்கைத் துண்டுகளும் குவிந்திருக்கும் கூறுகளுக்கு நடுவே, உள்ளங்கை நீளத்தில் இலைபோல் மெலிந்த பழுப்பு நிறக் கருவாடு ஒன்று இருக்கும். அதன் பெயர் மாந்தல். எங்கள் வீட்டில் அதை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தோலை உரித்தெடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மணல் போகும்வரை மூன்று தண்ணீர் அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைப்பார்கள். சூடான கேழ்வரகுக் களி உருண்டைக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்குக் கடல் மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கருவாடுதான்.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காய்ந்து சுருங்கிய இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருந்தன. மறுபக்கம் திருப்பினால் கண்ணே இல்லை. வெளுத்த வெறும் தோல். "ஏம்மா, இதுக்கு மட்டும் இப்படி இருக்குது?" என்று கேட்டதற்கு, "மண்ணுல படுத்தே கெடக்குற மீனுடா அது. கீழ ஒரு கண்ணை வச்சு என்ன செய்யும்?" என்றார். கடலைப் பார்த்தேயிராத என் அம்மா சொன்ன விளக்கம் முழுக்க முழுக்கச் சரியானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன். முட்டையிலிருந்து வெளிவரும் தட்டை மீன் குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். அது நிமிர்ந்துதான் நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் மெல்ல நகர்ந்து தலையின் உச்சியைக் கடந்து மறுபக்கத்துக்கு வந்து சேரும். மீனும் ஒருபக்கமாகச் சாய்ந்து கடலடிக்கு இறங்கிவிடும். அடியில் கிடக்கும் பக்கம் வெளுத்துப்போக, மேற்பக்கம் மணலின் நிறத்தைப் பெறும். சோல், ஹாலிபட், ப்ளேஸ், ஃப்ளவுண்டர், டர்பட் என்று உலகம் முழுவதும் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் மீன்களெல்லாம் இந்த ஒரே குடும்பக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நமது நாக்கு மீனும் மாந்தலும் இதில் அடங்கும்.

இந்தக் கூட்டத்தில் தமிழுக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. இந்திய ஹாலிபட் என்று அழைக்கப்படும் மீனின் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய். அந்த 'எருமெய்' வேறொன்றுமில்லை, நமது எருமைதான். டேனிஷ்காரர்களின் வசமிருந்த தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் ப்ளாஃக் என்பவருக்கு அனுப்பிவந்தார். ப்ளாஃக் 1799ல் இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற பணியை முடித்து ஷ்னைடர் என்ற அறிஞர் 1801ல் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடி மீனவர்கள் 'எருமை நாக்கு' என்று சொன்ன பெயரே அந்த மீனின் பெயராக ஏறிவிட்டது. எருமையின் நாக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறவன். எண்களை வரிசையாகப் பார்த்தால் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்காமல் விடமுடியாத பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் கடந்த சில மாதங்களாக, கடலில் பிடிக்கப்படும் தட்டை மீன்களின் நாடுவாரிக் கணக்கைப் படித்துவருகிறேன். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் தட்டை மீன் கடலிலிருந்து பிடிக்கப்படுகிறது. கடலில் பிடிபடும் மொத்தம் சுமார் 8 கோடி டன் என்பதால், இது நூற்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பல பத்தாண்டுகளாக மொத்த அளவு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்துவருவதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எதுவும் நடக்காததுபோலத் தோன்றும். நாடு நாடாக, கடல் கடலாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் ஒரே மாதிரியான இறக்கத்துக்குப் பின்னால் நேர்மாறான காரணங்கள் இருப்பது தெரியவருகிறது. மீன் அழிந்துபோனதால் இறங்கிய கணக்கு உண்டு. மீன் நிறைந்திருந்தும் பிடிக்காமல் விட்டதால் இறங்கிய கணக்கும் உண்டு. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

முதலில் பெரிங் கடல். அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள அந்தக் குளிர்ந்த ஆழமற்ற பரப்பில் மஞ்சள் துடுப்பு சோல் என்ற மீன் பெருமளவில் வாழ்கிறது. இன்று உலகின் மிகப்பெரிய தட்டை மீன்பிடிப்பு நடப்பது அங்கேதான். 1950களின் இறுதியில் பிடித்த மீனைக் கடலிலேயே வாங்கிப் பதப்படுத்தும் ஜப்பானின் தாய்க்கப்பல்களும் சோவியத் ஒன்றியத்தின் இழுவைக் கப்பல்களும் அங்கே வந்து இறங்கின. 1961ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்து 50 ஆயிரம் டன்னுக்கு மேல் அந்த ஒரே இனம் அள்ளப்பட்டது. அதில் பெரும்பகுதி மனிதர் உண்ணக்கூட அல்ல, மீன்தூளுக்காக அரைக்கப்பட்டது. அந்த மீனில் பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட மீனை அந்த வேகத்தில் அள்ளினால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் பிடிப்பு ஆண்டுக்குச் சராசரி 50 ஆயிரம் டன் அளவுக்குச் சரிந்துவிட்டது.

இதைப் படித்தபோது எங்கள் ஊர் ஏரி நினைவுக்கு வந்தது. மழை பொய்த்து ஏரி வற்றத் தொடங்கும் வருஷத்தில், குத்தகை எடுத்தவர் முழங்கால் தண்ணீரில் வலையை நான்கு பக்கமும் இழுத்து, குஞ்சும் குளுவானும் மிஞ்சாமல் பிடித்துவிடுவார். அந்த வருஷம் ஊரில் எல்லோர் வீட்டிலும் கட்லாவும் ஜிலேபியும் கொதிக்கும். அந்த ஒரு வருஷத்து எடையை மட்டும் எழுதிவைத்துப் பார்த்தால், எங்கள் ஏரிக்கு அதைவிட வளமான ஆண்டு இருந்ததே இல்லை என்றுதான் எவரும் முடிவு செய்வார்கள். பெரிங் கடலின் 1961ஆம் ஆண்டு உச்சமும் அத்தகையதுதான்.

பிறகு 1976ல் அமெரிக்கா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமையைத் தன்வசமாக்கும் சட்டத்தை இயற்றியது. வெளிநாட்டுக் கப்பல்கள் படிப்படியாக விலக, 1980களில் மீன்வளம் தேறி, பிடிப்பு மீண்டும் 1 லட்சம் டன்னைக் கடந்தது. இப்போது அங்கே பிடிக்கக்கூடிய அளவு அறிவியல் கணிப்பின்படி அதிகமாக இருந்தாலும் அவ்வளவும் பிடிக்கப்படுவதில்லை. பெரிங் கடலிலும் அலூஷியன் தீவுகளின் கடலிலும் ஓர் ஆண்டில் பிடிக்கும் அடிமட்ட மீன்களின் மொத்தம் 20 லட்சம் டன்னைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அந்த 20 லட்சத்தில் பெரும்பங்கைப் பொல்லாக் என்ற மீன் எடுத்துக்கொள்ள, தட்டை மீன்களுக்கு மிஞ்சிய இடமே ஒதுக்கப்படுகிறது. அதோடு, பிடிபட்ட சோலில் கணிசமான பகுதி தலையும் குடலும் நீக்கி உறையவைக்கப்பட்டு, சீனாவுக்குப் போய்த் துண்டுபோடப்பட்டு, மறுபடி உலகச் சந்தைக்கு வருகிறது. ஆகவே இந்த வணிகத்தில் ஒரு சுங்கவரி ஏறினாலும் அலாஸ்காவின் கணக்கு இறங்கக்கூடும். கடலடியில் மீன் அப்படியே இருக்கும்.

அதே கடற்பகுதியில் வாழும் பசிபிக் ஹாலிபட்டின் கதை என்னை இன்னும் அதிகமாக ஈர்த்தது. மனிதனைவிட நீளமாகவும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையிலும் வளரக்கூடிய இந்த மீனுக்காக, அமெரிக்காவும் கனடாவும் 1923லேயே ஒப்பந்தம் செய்து, இரு நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஆணையத்தை அமைத்துக்கொண்டன. நூறாண்டு கடந்த அந்த ஆணையம் இருந்தும் தவறு நேராமல் இல்லை. மொத்த அளவுக்கு வரம்பு வைத்தார்களே தவிர, யார் எவ்வளவு என்று வைக்கவில்லை. முந்துகிறவனுக்கே மீன் என்றானதும் படகுகள் பெருகின. படகுகள் பெருகப் பெருகப் பருவத்தின் நாட்கள் சுருங்கின. 1990களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் முக்கியப் பகுதிகளில் ஆண்டு முழுவதற்கும் 24 மணி நேர அளவில் ஓரிரு முறை மட்டுமே மீன்பிடிக்க அனுமதி என்ற நிலை வந்துவிட்டது. அந்த 24 மணி நேரத்தில் புயல் வீசினாலும் போயாக வேண்டும். ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான முட்களைக் கோத்த ஆயிரங்கால் தூண்டிலைப் போட்டுவிட்டு எடுக்க நேரமில்லாமல் அறுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு, உயிரைவிட்டவர்களும் உண்டு. ஒரே நாளில் கரைக்கு வந்து குவிந்த மீனை உறையவைப்பதைத் தவிர வேறு வழி இல்லாததால் விலையும் கிடைக்கவில்லை. கனடா 1991லும் அலாஸ்கா 1995லும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு என்ற முறைக்கு மாறிய பிறகு, பருவம் எட்டு மாதங்களாக நீண்டது. மீனவர் வானிலை பார்த்துப் புறப்பட்டார். மீன் பச்சையாகவே சந்தைக்கு வந்தது. இந்த முறையின் குறையையும் சொல்லவேண்டும். பங்கை விற்கலாம் என்றானதால், கடற்கரைச் சிற்றூர்களிலிருந்த பலர் விற்றுவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வாசலிலுள்ள கடலில் மீன்பிடிக்கப் பணம் கொடுத்துப் பங்கு வாங்கவேண்டிய நிலை வந்தது.

பசிபிக் ஹாலிபட்டின் பிடிப்பு 2000களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. இத்தனை கவனத்தோடு காக்கப்படும் மீனுக்கு ஏன் இந்த இறக்கம் என்பதற்கு எண்ணிக்கையில் மட்டும் விடை இல்லை. ஒரே வயதுடைய மீனின் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 1980களின் இறுதியில் 20 வயது ஹாலிபட் ஒன்று இருந்த எடையில், பிற்காலத்தில் அதே வயது மீன் பாதிகூட இருப்பதில்லை. இரைக்குப் போட்டியா, கடல்நீரின் வெப்பமா, பெரிய மீனையே தேர்ந்தெடுத்துப் பிடித்ததன் விளைவா என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கிறார்கள். இதற்கு நேர்மாறான பாடம் அட்லாண்டிக் ஹாலிபட்டில் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். இன்றும் அங்கே ஒரு படகு ஒரு பயணத்தில் ஒரே ஒரு ஹாலிபட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய நிலப்பரப்புக்கும் இடையிலுள்ள வடகடலின் ப்ளேஸ் மீனைப் பற்றி எழுதாமல் தட்டை மீனைப் பற்றி எழுதவே முடியாது. மீன்வள அறிவியல் என்ற துறையே பெருமளவுக்கு இந்த ஒரு மீனின் மீதுதான் கட்டப்பட்டது. முதல் உலகப்போரின்போது கண்ணிவெடிகளுக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் பயந்து இழுவைப் படகுகள் கரையிலேயே நின்றன. போர் முடிந்து திரும்பிப் போனவர்களின் இழுவலைகளில் முன்பைவிடப் பெரிய ப்ளேஸ் மீன்கள் நிறைந்துவந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் அதுவே நடந்தது. மனிதன் திட்டமிட்டுச் செய்யத் துணியாத சோதனையைப் போர் செய்துகாட்டியது. ஆனால் கற்ற பாடம் நிலைக்கவில்லை. 1989ல் வடகடல் ப்ளேஸ் பிடிப்பு 1 லட்சத்து 70 ஆயிரம் டன்னைத் தொட்டு, அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

இனி வருவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த பகுதி. படகுகளைக் குறைத்து, வரம்புகளை இறுக்கி, 2007ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த திட்டத்துக்குப் பிறகு ப்ளேஸ் மீண்டது. 2010களில் முட்டையிடும் மீன்களின் மொத்த எடை, பதிவு தொடங்கிய காலத்திலிருந்து காணாத உயரத்துக்குப் போனது. பிடிப்போ பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. அனுமதித்த அளவையே பிடித்துமுடிக்காத ஆண்டுகள் உண்டு. கடலடியைச் சங்கிலிகளால் உழுதுகொண்டு போகும் கனமான சட்டகம் பொருத்திய இழுவலைக்கு டீசல் மிக அதிகமாகத் தேவை. ப்ளேஸின் விலை அதற்குக் கட்டுப்படியாகவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் சங்கிலிக்குப் பதிலாக மெல்லிய மின்துடிப்பைப் பாய்ச்சி சோல் மீனை மணலிலிருந்து எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். டீசல் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்ற நாட்டு மீனவர்கள் கடுமையாக எதிர்க்கவே, 2021 ஜூலை முதல் அந்த முறை ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டே டீசல் விலை ஏற, பலர் அரசிடம் இழப்பீடு பெற்றுக்கொண்டு படகுகளை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆலையில் ஓர் ஆண்டு கூழ் உற்பத்தி சரிந்ததைக் கணக்கில் பார்த்த ஒருவர், "இந்த வருஷம் மரத்துல காயே இல்லையா?" என்று கேட்டார். காய் இருந்தது, வெளிநாட்டு ஆர்டர் வராததால் பெங்களூரா மாங்காய் வாங்குவார் இல்லாமல் தோப்பிலேயே உதிர்ந்தது. மரத்தைக் குறைசொல்வதில் என்ன நியாயம்?

ஜப்பானின் ஃபுகுஷிமாக் கரையிலும் ஒரு கட்டாய ஓய்வு நேர்ந்தது. 2011 மார்ச் மாதத்து ஆழிப்பேரலைக்கும் அணு உலை விபத்துக்கும் பிறகு அங்கே மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டு, பின்னர் சோதனை அளவில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஹிராமே எனப்படும் தட்டை மீன் அக்கடலில் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தங்கள் கடலில் மீன் நிறைந்திருப்பதைத் தெரிந்தே கரையில் காத்திருந்த அந்த மீனவர்களின் மனநிலையை என்னால் எண்ணிப்பார்க்கக்கூட முடியவில்லை. அடுத்திருக்கும் தென்கொரியாவில் அதே மீன் கடலில் பிடிபடுவதைப்போலப் பல மடங்கு ஜேஜு தீவு முதலிய இடங்களில் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. அது வேறு கணக்கு.

கிரீன்லாந்து ஹாலிபட் என்ற ஆழ்கடல் மீனுக்காக ஒரு சண்டையே மூண்டது. 1992ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் வளம் வீழ்ந்து பிடிப்பே தடைசெய்யப்பட்ட பின், கப்பல்களின் கண் இந்த மீனின் மேல் விழுந்தது. 1995 மார்ச் 9 அன்று, 200 மைலுக்கு அப்பால் சர்வதேசக் கடலில் இருந்த எஸ்தாய் என்ற ஸ்பெயின் நாட்டு இழுவைக் கப்பலைக் கனடா எச்சரிக்கைச் சுடுதல் நடத்திப் பிடித்தது. சிறிய மீனும் தப்பமுடியாத கண்ணுடைய வலையை எடுத்து வந்து நியூயார்க்கில் உலகத்தின் பார்வைக்கு வைத்தார் அப்போதைய கனடிய மீன்வள அமைச்சர் பிரையன் டோபின். நார்வேயோ 1992ல் தன் கடலில் இம்மீனைக் குறிவைத்துப் பிடிப்பதைப் பெருமளவுக்கு நிறுத்திப் பொறுத்திருந்து, ரஷ்யாவோடு பங்கு பேசி முடித்து 2010ல் மீண்டும் திறந்தது. கிரீன்லாந்தின் ஃபியோர்டுகள் எனப்படும், மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடற்கழிகளில், பனிப்பரப்பில் துளையிட்டு ஆயிரங்கால் தூண்டிலை இறக்கி, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் மீனை ஏற்றிவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே பல பத்தாண்டுகளாகப் பிடிப்பு ஏறியே வந்திருக்கிறது. அதே காலத்தில் அங்குள்ள டிஸ்கோ விரிகுடாவில் பிடிபடும் மீனின் அளவு சிறுத்துவருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது அந்த ஏற்றத்தைக் கண்டு மகிழ முடியவில்லை.

நமது மாந்தலுக்கு வருகிறேன். சந்தைக்கு வரும் மாந்தலில் பெரும்பகுதி மலபார் சோல் என்ற சிறிய இனம். கேரளத்திலும் அதற்கு மாந்தல் என்றே பெயர். தென்மேற்குப் பருவமழையின் முடிவில், ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் காலத்தை ஒட்டி, கோழிக்கோடு முதலிய கரைகளின் அருகே இது கூட்டமாக வந்து சேரும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் தடை இருப்பதால், தடை நீங்கிய பின் வரும் மாதங்களில்தான் இதன் வரத்து அதிகம். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தட்டை மீன்களை ஹாலிபட், ஃப்ளவுண்டர், சோல் என்று பிரித்துக் கணக்கெடுக்கிறது. ஆயினும் சோல் என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் பல இனங்கள் அடங்கிவிடுகின்றன. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து உலகக் கணக்குக்குப் போகும் எண்களில் அந்தப் பிரிவுகூடத் தெரிவதில்லை, எல்லாம் தட்டை மீன்தான். ஓர் இனம் ஏறும்போது இன்னோர் இனம் இறங்கினால், கூட்டுத்தொகை அசையாமல் நிற்கும். பெரிங் கடலில் எந்த மீன் எந்த ஆண்டு எவ்வளவு என்று அறுபது ஆண்டுக் கணக்கை இனவாரியாக என்னால் படிக்க முடிகிறது. என் வீட்டுக் குழம்பில் கிடக்கும் மீனுக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வாங்கும் கடையில் மாந்தல் கூறு ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு, "அக்கா, இது எந்த ஊர்க் கடல்ல புடிச்சது?" என்று கேட்டேன். "கேரளா லோடு தம்பி. அங்க எந்த ஊருன்னு அனுப்புறவங்களுக்குத்தான் தெரியும்" என்றவர், கூறிலிருந்து விரல் நீளமே இருந்த நான்கைந்தைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகப் பெரியதாக இரண்டைத் தேடி எடுத்துப் போட்டார். "முன்னெல்லாம் இந்தச் சின்னது மூட்டைக்கு ஒரு கை இருக்கும். இப்ப பெருசுதான் தேடணும்." வீட்டுக்கு வந்ததும் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றையும் அளந்து, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அம்மா அடுப்படியிலிருந்து, வெந்நீர் ஆறுகிறது, சீக்கிரம் கொண்டுவா என்றார்.